தெளிந்த ஊருணி

சொர்ணவல்லியின் மூன்று ஆடுகள் ஊருணிக் கரையில் செத்துக் கிடந்ததற்கு மறுநாள், ஊராட்சியிலிருந்து கூப்பிட்டதால் மோகனப்ரியா ஆலங்குடியில் பஸ் இறங்கி அந்த ஊருக்கு வந்தாள். கல்லூரி ஆய்வகத்தில் பதினான்கு வருடமாகப் பாசிகளோடு இருப்பவள். தண்ணீர் பச்சைப் பெயின்ட்டைக் கரைத்துவிட்டதுபோல் கிடந்தது. பாட்டிலில் மொள்ளும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆய்வகத்துக்குத் திரும்பி மைக்ராஸ்கோப்பில் பார்த்து உறுதிசெய்ததும் ஊராட்சித் தலைவர் திருப்பதிக்குப் போன் செய்தாள்.

“விஷப்பாசிங்க. ஈரலைக் கெடுக்கும், காய்ச்சினாலும் போகாது. தெளியுற வரைக்கும் யாரையும் எறங்க விடாதீங்க. வியாழக்கிழமை வாரேன்.”

வியாழக்கிழமை ஊருணி கண்ணாடியாக இருந்தது. படித்துறையின் அடிக்கல் வரை தெரிந்தது. பெண்கள் குடங்களோடு போய்வந்துகொண்டிருந்தார்கள். திருப்பதி சிரித்த முகமாக எதிரே வந்தார்.

“மயில்துத்தம் ரெண்டு மூட்டை போட்டோம் மேடம். பாசி அம்புட்டும் செத்துப்போச்சு. போர்ல வேற தண்ணி வரல, என்ன செய்யுறது?”

மோகனப்ரியா கரையேறும் குடங்களைத் திரும்பிப் பார்த்தாள். உயிரோடிருக்கும்வரை பாசி தன் விஷத்தைப் பெரும்பாலும் உடம்புக்குள்ளேயே வைத்திருக்கும். செத்து உடைந்தால் அத்தனையும் தண்ணீரில் கலந்துவிடும். எதையும் கொட்டாதீர்கள் என்று அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். தெளிகிற வரைக்கும் என்று அவள்தான் சொன்னாள்.

“இப்பதாங்க ரொம்ப மோசம்.”

“பச்சையா கெடந்தாலும் விஷம், தெளிஞ்சாலும் விஷமா?” அவர் சிரிப்பு குறைந்தது.

படியேறி வந்த சொர்ணவல்லி குடத்தை இடுப்பில் சரிசெய்தாள். “நேத்துலேருந்து நாங்க இதத்தான் குடிக்கிறோம். எளநி கணக்கா இருக்கு. பேத்திக்குத்தான் காலையிலேருந்து வாந்தி. வெயில் சூடு.”

மோகனப்ரியா குடத்தைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். “பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. இப்பவே!”

சொர்ணவல்லி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு வெறுங்காலோடு ஓடினாள். திருப்பதி பைக்கைக் கிளப்பிக்கொண்டு பின்னால் போனார்.

சுகாதார அலுவலகத்தில் போனை எடுத்தவர், ரிப்போர்ட்டோடு லெட்டர் கொடுங்கள், பார்க்கலாம் என்றார். மோகனப்ரியா படித்துறையின் நடுவில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள். மேலே பெண்கள் குடங்களோடு கூடினார்கள்.

எதிர்க்கரையில், அவள் குரல் எட்டாத தூரத்தில், யாரோ ஒருத்தி சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு இறங்கினாள். குனிந்து, தண்ணீரின் மேற்பரப்பைக் கையால் இரண்டு தரம் விலக்கிவிட்டு, குடத்தை அமிழ்த்தினாள்.