கால் தரையில் படாத இடம்

அக்கா ஒரு காலைப் பார்த்தால் போதும், அளவைச் சொல்லிவிடுவாள். அவளுடைய செருப்புக் கடையில் அளக்கிற பலகை ஒன்று இருந்தது; அது வருகிறவர்களின் மன நிம்மதிக்கு. போட்டுப் பார்த்தவரிடம் "எப்படி இருக்கு?" என்று அவள் கேட்டதே கிடையாது. "போட்டுட்டுப் போங்க, கால் நெனப்பே வராது" என்று சொல்லிப் பெட்டியை மூடிவிடுவாள். பெரும்பாலும் வரவும் வராது. அதனால் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. இருந்தால் என்ன, உழைத்துச் சேர்த்த தலைக்கனம்தானே.

தங்கை கப்பல்களுக்குப் பெயின்ட் அடிப்பவள். தண்ணீருக்கு மேலே தெரிகிற பாதியை அடித்து அலுத்துப்போய், கீழே இருக்கிற பாதியின்மேல் ஆசைப்பட்டாள். காற்றுச் சிலிண்டரைச் சுமந்து மூழ்கிக் கப்பலின் அடிப்பகுதியைச் சோதிக்கும் குழுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. முதல் தடவை தேர்வில் பாதி வழியிலேயே கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்க, மேலே வந்துவிட்டாள். அன்று காலில் மாட்டியிருந்த ஃபின், அதாவது நீந்துவதற்கான ரப்பர் துடுப்பு, இரவல்; யாருடைய காலுக்கோ வாங்கியது. "இன்னொரு தடவை பார்ப்போம். அப்பவும் முடியலைன்னா இடம் வேற ஆளுக்குத்தான். உனக்குன்னு ஒரு ஜோடி வாங்கிட்டு வா" என்றார் பயிற்சியாளர்.

காலில் மாட்டுகிற பொருள் என்று காதில் விழுந்ததுமே அக்கா தன் கடையைப் பூட்டிவிட்டாள்.

"செருப்பு இல்லக்கா. தண்ணிக்குள்ள நீந்துறதுக்கு. வாத்துக் கால் மாதிரி இருக்கும்."

"கால்லதானே மாட்டப் போற? அப்போ நான் வரேன்."

நீச்சல் சாமான் கடையில் சுவர் முழுக்க ஃபின்கள் தொங்கின. கடைக்காரர் கனத்த கண்ணாடி போட்ட, அவசரமே இல்லாத மனிதர். அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா இருப்பதிலேயே நீளமான, விறைப்பான ஜோடியை இறக்கிவிட்டாள். விறைப்பாக இருந்தால்தானே உழைக்கும். தங்கையை உட்காரவைத்து, ரப்பர் பூட்ஸை மாட்டி, அதன்மேல் ஃபினைப் போட்டு, முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள். பிறகு, இத்தனை வருஷமும் எல்லோரிடமும் சொன்னதைத் தங்கையிடமும் சொன்னாள்.

"நடந்து காட்டு."

தங்கை நடந்தாள். அதை நடை என்று சொல்வது பாவம். ஒரு ஃபினை இன்னொரு ஃபினால் மிதித்துக்கொண்டு மேஜையைப் பிடித்துத் தப்பித்தாள்.

"இதைப் போட்டுட்டு யாரும் நடக்க மாட்டாங்கம்மா. பின்னாடி தொட்டி இருக்கு, அதுல பார்த்துருங்களேன்" என்றார் கடைக்காரர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"பார்க்கட்டும். நான் எடுத்தது தப்பாது" என்றாள் அக்கா.

கடையின் பின்பக்கம் ஆழமான தொட்டி ஒன்று, ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடியோடு. தங்கை இறங்கி, விளிம்பைப் பிடித்துக்கொண்டு உதைத்தாள். அக்கா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கால்களை மட்டும் பார்த்தாள். தான் விட்ட கட்டைவிரல் அகல இடைவெளியில் தண்ணீர் புகுந்து ஃபின் ஆடியது. அது கழன்றுவிடாமல் இருக்கத் தங்கை விரல்களை மடக்கி மடக்கிப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் கெண்டைக்கால் முடிச்சுப் போட்டதுபோல் திரண்டது. அதே இடம், அதே வலி. அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. கொஞ்சம் விட்டிருந்தால் தங்கைக்குக் கிடைக்கவிருந்த வேலையைத் தன் கையாலேயே கெடுத்திருப்பாள்.

ஆனால் உட்கார்ந்து புலம்புகிற ஆள் இல்லை அவள்.

"அண்ணே, தரையே இல்லாத இடத்துல காலை எப்படிப் பார்க்கிறது?"

"முன்னாடி இடமே விடக் கூடாது. நசுக்கவும் கூடாது. காலைத் தூக்கி உதறினா அசையாம நிக்கணும். இவங்களுக்கு ஃபினோட மட்டை இன்னும் சுலபமா வளையணும். மத்தது அவங்களுக்குத்தான் தெரியும்."

அவங்களுக்குத்தான் தெரியும். அக்காவுக்கு அது விழுங்க முடியாத மாத்திரை. விழுங்கினாள். வளைகிற மட்டையில் ஒரு ஜோடியை எடுத்துத் தொட்டி விளிம்பில் ஏறி உட்கார்ந்த தங்கைக்குக் குனிந்து மாட்டிவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டாள்.

"எப்படி இருக்கு?"

தங்கை திகைத்துப்போய் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு முங்கி ஒரு சுற்று வந்தாள். "இடது கால் சரி. வலதுல குதிகால் வழுக்குது."

இதற்கு யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தங்கையின் வலது பாதம் இடதைவிட ஒரு நூல் சின்னது. பள்ளிக்கூட ஷூ வாங்கிய காலத்திலிருந்து அக்காவுக்குத் தெரியும். கைப்பையிலிருந்து மெல்லிய ரப்பர் அட்டையை எடுத்து, கத்தரித்து, வலது பூட்ஸுக்குள் வைத்தாள். அந்த அட்டை இல்லாமல் அவள் எங்கேயும் போவதில்லை.

"இப்போ?"

தங்கை போனாள், வந்தாள், மறுபடியும் போனாள். வெளியே வரச் சொல்லிக் கடைக்காரர்தான் கெஞ்ச வேண்டியிருந்தது.

தேர்வு நாளில் அக்கா கப்பல்துறைப் படிக்கட்டில் நின்றாள். கப்பலின் ஒரு முனையில் இறங்கி, நீரோட்டத்தை எதிர்த்து மறுமுனை போய்ச் சேர வேண்டும். பயிற்சியாளரும் கூடவே மூழ்கினார். அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் குமிழிகள்தான். உலகத்திலேயே அவளுக்கு நன்றாகத் தெரிந்த கால்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. குமிழிகள் போன தடவை தங்கை மேலே வந்த இடத்தை நெருங்கின. அங்கே தயங்கின. அக்கா கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். குமிழிகள் நகர்ந்தன. நிதானமாக, ஒரே சீராக, கப்பலின் முனைவரை போயின.

முதலில் தலை தூக்கியவர் பயிற்சியாளர். "திங்கக்கிழமை வேலைக்கு வந்துடு" என்று பின்னால் எழுந்த தங்கையிடம் சொன்னார்.

தங்கை படியில் வந்து உட்கார்ந்தாள். அக்கா ஈரப் படியில் மண்டியிட்டு, ஃபினின் பட்டையைத் தளர்த்தினாள்.

"கால் எப்படி இருந்துச்சு?"

தங்கை யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"தெரியலையேக்கா. கால் நெனப்பே வரல."

யார் யாருக்கோ ஓயாமல் சொன்ன பேச்சு அது. இதுவரை ஒருவரும் திரும்பி வந்து அவளிடம் சொன்னதில்லை. அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குனிந்த தலையை நிமிர்த்தாமல், தங்கையின் வலது பாதத்தை இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டு, ஈரத்தைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"சரி சரி, அடுத்த காலை நீட்டு" என்றாள்.