எழுதித் தந்தால் உடைக்கிறேன்

வெள்ளவத்தையில் எழும்பிய அந்தக் கடைக் கட்டடத்தின் ஒப்பந்தம் கொட்டாஞ்சேனை மேசன் கிளெமென்றுக்கு மனப்பாடம். செலவு நாலு கோடியைத் தாண்டக் கூடாது. மிச்சம் பிடித்தால் கட்டடத்தின் முதலாளி நாகேந்திரத்துக்கும் வேலையை எடுத்த கொந்தராத்துக்கார நோபேட்டுக்கும் சரிபாதி. தாண்டினால் கூடிய செலவு முழுவதும் நோபேட் தலையில். முதலாளியே வேலையை மாற்றி, அதை எழுத்தில் கொடுத்தால் மட்டும் அந்த நாலு கோடி வரம்பு உயரும். தன் பங்கில் மேசன்மாருக்கும் கொஞ்சம் தருவதாக நோபேட் சொல்லியிருந்தார்.

நோபேட் ஒருகொடவத்தைக்குக் கம்பி எடுக்கப் போன நேரம் பார்த்து நாகேந்திரம் வந்தார்.

"உந்தச் சுவரை உடைச்சு நாலடி தள்ளிக் கட்டு."

"பிளான்ல உள்ள இடத்திலதான் கட்டினது, சேர். எழுதித் தாங்க, உடைக்கிறன்."

"கொட்டாஞ்சேனைச் சண்டித்தனம் இஞ்ச வேண்டாம். எழுதினா உனக்கு வாசிக்கத் தெரியுமோ?"

நாகேந்திரம் சிரித்தபடியே சீமெந்துப் பையைக் கிழித்து, அதில் எழுதி நீட்டினார். கிளெமென்ற் நாற்பது வயதில் மாதா கோயில் வகுப்பில் எழுத்துப் படித்தவன். விரல் வைத்து உரக்க வாசித்தான்.

"மேசன்... பிழையாகக் கட்டிய... சுவரை உடைக்கவும்."

முதலாளியின் சிரிப்பு நின்றது.

"இப்பிடி எழுதினா செலவு நோபேட் அண்ணன்ட தலையில, எங்கட பங்கும் போச்சு. 'பிழையாக' எண்டதை வெட்டுங்க, சேர். உங்கட விருப்பம் எண்டு போடுங்க."

"நாளைக்கு உன்னை இஞ்ச காணக்கூடாது!"

"அதை நோபேட் அண்ணன் சொல்லட்டும்."

கிளெமென்ற் அந்தக் கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சாந்தகப்பையை எடுத்தான். நாகேந்திரம் பார்த்துக்கொண்டு நிற்க, அதே இடத்தில் அடுத்த வரிக் கல் ஏறியது.