ஆய்வேட்டுத் தேர்வு நாளில் நீலத் திரை

எங்கள் குடும்பத்தில் முனைவர் பட்டம் வரை போன முதல் ஆள் என் மகள் ஜுசாரா. அன்று மூன்று மணிக்கு அவளுக்கு வாய்மொழித் தேர்வு. தேர்வாளர்கள் கணினி வழியே கேள்வி கேட்பார்கள். அதற்காகவே உறவெல்லாம் ஊபெராபா நகரில் உள்ள எங்கள் வீட்டில் வந்து இறங்கியிருந்தது.

காலையில் ஒத்திகை பார்க்கும்போது திரை நீலமாகி நின்றுவிட்டது. சற்று நேரத்தில் மறுபடியும். நினைவகத்தைக் கழற்றித் துடைத்து மாட்டினாள், வைரஸ் தேடினாள், ஒன்றும் அகப்படவில்லை.

"நடுவுல நின்னுட்டா, பதில் தெரியாம ஓடிட்டேன்னு நினைப்பாங்கப்பா," என்றாள்.

அடுத்த முறை நீலம் வந்தபோது, மேலே விளக்கு மங்கியதைக் கவனித்தேன். குளியலறையில் என் மைத்துனி ஒடெச்சி பாடிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்துக் குளியலறைகளில் ஷவரின் தலையிலேயே மின்சாரம் தண்ணீரைச் சூடாக்கும். கணினிக்கும் அதே மின்கம்பிதான்; ஷவர் ஓடினால் மின்சாரம் குறைந்து கணினி நின்றுவிடும். விசேஷ நாளில் எல்லோரும் இரண்டு முறையாவது குளிப்பார்கள்.

வந்த விருந்தாளியிடம் குளிக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தேர்வு தொடங்கியது. ஜுசாரா பேச ஆரம்பித்ததும் குளியலறைக் கதவு தாழிடும் சத்தம் கேட்டது. விளக்கு மங்கியது. மின்பெட்டிக்கு ஓடி ஷவரின் சுவிட்சை இறக்கினேன்.

"உடம்பெல்லாம் சோப்பு. எவன்டா அது?" என்று குளியலறைக்குள்ளிருந்து ஒடெச்சி கத்தினாள்.

"நான்தான், ஒடெச்சி."

"அத்தானா? பெரிய குடும்பம்னு மார்தட்டுவீங்களே, இதுதான் லட்சணமா?"

உறவெல்லாம் எட்டிப் பார்த்தது. யாராவது மறுபடி போட்டுவிடுவார்களோ என்று சுவிட்சிலிருந்து கையை எடுக்கப் பயமாக இருந்தது. அறைக்குள் ஜுசாரா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.