எழுதிக்கொள்ள ஒரு சொல்

அன்றைக்கு விசாரணை நடந்த கோட்டில் இருந்தவர்கள்: நீதவான். அவர் கேட்பதைத் தமிழிலும் மற்றவர்கள் சொல்வதை இங்கிலீசிலும் மாற்றிச் சொல்லும் முதலியார் ஆறுமுகநாதன். யஹ்யாவைப் பரிசோதித்த டாக்டர். மண்டையில் ஐந்து தையலோடு ஒரு பஸ் கண்டக்டர். கூண்டில் யஹ்யா. அவனுடைய வாப்பா மீராசாஹிப், மாத்தளையில் புடைவைக் கடை வைத்திருப்பவர். தங்கச்சி ஜுனைதா. கடைசி வாங்கில், யாரும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்திருந்த ஸஹாப்தீன் ஹாஜியார். ஜுனைதாவுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளையின் மாமா அவர்.

நடந்தது இவ்வளவுதான். யட்டவத்த பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் யஹ்யா தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தான். எதிரே இருந்த கண்டக்டர் இடம் போதாமல் அவன் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த தண்ணிக் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். நஞ்சு போட்டுவிட்டார் என்று யஹ்யா அதே கோப்பையால் அவர் மண்டையை உடைத்தான்.

இரண்டு வருஷமாக அவன் இப்படித்தான். ஊரில் அதற்கு ஆளுக்கொரு சொல் இருந்தது. கடைத்தெருப் பையன்கள் சிங்களத்தில் "பிஸ்ஸு" என்றார்கள். அதில் பாதி விளையாட்டு. பக்கத்துக் கடைக்காரர் "மறை கழன்ட கேஸ்" என்பார், சிரிக்க வைப்பதற்காக. தபால் கந்தோரில் வேலை பார்த்த இரத்தினம்மா யாழ்ப்பாணத்துக்காரி, "விசர்" என்றாள். பாடம் செய்யாத தன் மகனுக்கும் அவள் அதைத்தான் சொல்வாள் என்பதால் அது உறைக்கவில்லை. உம்மாவின் சொந்தக்காரர்கள் "மனசு சரியில்ல" என்றார்கள். அது யாருக்கும் ஒரு நாள் இருக்கக் கூடியது.

வீட்டில் வாப்பா அனுமதித்த சொல் ஒன்றே ஒன்று: ஜின். ஜின் வெளியிலிருந்து வருவது. ஓதிப் பார்த்தால் போய்விடும். இரத்தத்தில் ஓடாது, தங்கச்சிக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கு வராது. பெண் பார்க்க வந்த அன்று யஹ்யாவை எல்கடுவையில் மாமி வீட்டில் விட்டுவிட்டு, மூத்தவர் வியாபார விஷயமாகப் போயிருக்கிறார் என்றார்கள். பைத்தியம் என்ற சொல்லை அந்த வீட்டில் தெருநாயைப் பார்த்துக்கூட யாரும் சொன்னதில்லை.

டாக்டர் சொன்னார்: ஆள் அமைதியாக இருக்கிறார், பேர், ஊர், நாள் எல்லாம் சரியாகச் சொல்கிறார். பத்து நிமிஷத்தில் இதற்கு மேல் தெரியாது, வீட்டாரைக் கேளுங்கள்.

மீராசாஹிப் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "ஜின் கோளாறு கொஞ்சம் இருந்திச்சுங்க. ஓதிப் பாத்தோம், போயிட்டுது. இது சும்மா கோவத்துல கை நீட்டினது."

"அப்ப இப்ப சுகமான ஆள்?" என்றார் முதலியார்.

"சுகமான ஆள்தாங்க."

காலையில் புறப்படும்போதே வாப்பா ஜுனைதாவுக்கு இதை விளக்கியிருந்தார். "ஆறு மாசம் மறியல் குடுப்பான். அடிச்சான், உள்ள போனான், வந்தான். ஆம்பளைக்கு அது ஒரு பேச்சா? அங்கொடை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா ஊரே வேற மாதிரிப் பேசும். ஒன்னை எவன் எடுப்பான்?"

அவர் சொன்னதில் பிழை இல்லை என்று ஜுனைதாவுக்குத் தெரியும்.

ஆனால் இப்போது கூண்டுக் கம்பியைப் பிடித்திருந்த நானா யஹ்யாவின் மெலிந்த மணிக்கட்டைப் பார்த்தாள். யார் கையும் படாததைத்தான் அவன் தின்பான். ஓட்டோடு அவித்த முட்டை, தோலோடு வாழைப்பழம். இரண்டு வருஷமாக அதைக் கொடுத்து வந்தது அவள்தான். கேட்டவர்களுக்கு வயிற்றுப் புண் என்று சொன்னதும் அவள்தான். ரிமாண்டில் சோறும் கறியும் போடுவார்கள். அதை அவன் தொட்டிருக்க மாட்டான். ஐந்து நாள். டாக்டர் கண்ட அமைதி எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு விளங்கியது. அவன் முடிந்துபோக ஆறு மாசம் எல்லாம் தேவைப்படாது.

அவள் எழுந்தாள். "ஐயா, நான் ஒன்னு சொல்லணும்."

"இரி மகள்," என்றார் வாப்பா, உதடு அசையாமல்.

"நீர் ஆர், பிள்ளை?" என்றார் முதலியார்.

"தங்கச்சி."

சத்தியம் வாங்கினார்கள். முட்டையையும் பழத்தையும் சொன்னாள். ரேடியோவைத் துணியில் சுற்றிக் கிணற்றில் போட்டதைச் சொன்னாள். மாதக்கணக்கில் அவன் குப்புறப் படுத்ததேயில்லை, முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்கிறது என்பான் என்று சொன்னாள். முதலியார் ஒவ்வொன்றாக மாற்றிச் சொல்ல, நீதவான் எழுதினார். பிறகு யஹ்யாவிடம் எப்போது சாப்பிட்டாய் என்று கேட்கச் சொன்னார்.

"வெள்ளிக்கெழமை," என்றான் யஹ்யா.

இன்று புதன்.

"ஏன் தம்பி?"

"எல்லாத்துலயும் கை பட்டிருந்திச்சு."

நீதவான் பேனையை நிறுத்தி முதலியாரிடம் ஏதோ கேட்டார்.

"இதை வீட்டில என்னெண்டு சொல்லுறனீங்கள்?" என்றார் முதலியார். "துரைக்கு எழுத வேணும். ஜின் எண்டா அதுக்கு இஞ்ச இடமில்லை. சுகமில்லை எண்டா காய்ச்சலும் சுகமில்லைதான். வடிவாச் சொல்லும்."

கடைசி வாங்கில் ஹாஜியார் இருமினார். வாப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பைத்தியம்," என்றாள் ஜுனைதா. வாய்க்குப் பழக்கமில்லாததால் அது கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. "எங்க நானாவுக்குப் பைத்தியம். ரெண்டு வருஷமா."

அங்கொடைக்கு அனுப்பி ஒரு மாதம் வைத்துப் பார்க்கும்படி உத்தரவானது.

வெளியே ஹாஜியார் குடையை விரித்தார். "மீராசாஹிப், வீட்டுல பேசிட்டு ஆளனுப்புறோம்." ஆள் வராது என்று மூன்று பேருக்கும் தெரியும். வாப்பா மகளைத் திரும்பிப் பாராமல் கடைத்தெருப் பக்கம் நடந்தார்.

ஜுனைதா மட்டும் கோட்டுக்குப் பின்னால் யஹ்யாவை வைத்திருந்த அறைக்குப் போனாள். யஹ்யா அவள் கொடுத்த வாழைப்பழங்களின் தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நான்கைத் தின்றான்.

"பைத்தியம்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"அது பரவாயில்ல. ஜின்னு குடியிருக்கு, ஜின்னு குடியிருக்குன்னாங்களே. நான் என்ன வாடகை வூடா?"

அவள் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

"அங்க முட்டை தருவாங்களா?"

"கடுதாசியில எழுதிக் குடுத்திருக்காங்க. முதலியார் எழுதினாரு, நான் பாத்தேன்."

"அவரு கை பட்ட கடுதாசி," என்றான்.

"போங்க நானா," என்றாள்.

அவன் சாறனை இறுக்கிக் கட்டிக்கொண்டு கம்பிக் கதவுக்கு உள்ளே போனான். கான்ஸ்டபிள் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டைப் போட்டு, ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.