பட்டனுக்குச் சொல்ல வேண்டிய ஒரு சேதி

எங்கள் கட்டடத்தில் என் பால்கனியில் மட்டும்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கீழ்வீட்டுக் கதையில் மேல்வீட்டுக்காரிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கீழ்வீட்டுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் நாலு மணிக்கு, என் நாற்காலியில் உட்கார்ந்து, என் சார்ஜரைச் செருகிக்கொண்டு பேசினார்கள். அந்த நேரத்தில் நான் வேறு எங்கே போவது?

கீழ்வீட்டில் மூன்று பேர். முனையில் பால்கடை வைத்திருக்கும் அக்கா, அவள் மகள், மகன். மகள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்ததால் எல்லோருக்கும் டீச்சர். மகன் தையல்கடையில் காஜா எடுத்துப் பட்டன் தைக்கிறவன், அதனால் பட்டன். பிறந்ததிலிருந்து அவனுக்குக் காது கேட்காது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த மூன்றாம் நாளே, "இவனுக்குச் சொன்னா புரியலைங்க" என்று ஒரு வாத்தியார் கையோடு கூட்டி வந்து விட்டுப் போனார். காது கேட்காதவனுக்கு வாயால் சொல்லிப் பார்த்த புண்ணியவான். அதோடு படிப்பு முடிந்தது.

ஆனால் அவன் பேசாதவன் இல்லை. டீச்சரும் தம்பியும் கையாலேயே ஒரு பாஷை கட்டி வைத்திருந்தார்கள். காதைப் பிடித்து இழுத்தால் அம்மா, அவள் தோடு அவ்வளவு பெரிசு. தோளில் பின்னலை இழுப்பதுபோல் செய்தால் டீச்சர். இரண்டு விரலால் திரையை விலக்கி ஒற்றைக் கண்ணால் பார்த்தால் அது யார் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சிரித்தார்.

அந்த பாஷை வேறு யாருக்கும் தெரியாது. பெற்றவளுக்கே பத்துச் சைகைதான் தெரியும். சாப்பிடு, குளி, கடைக்குப் போ, அவ்வளவுதான். "அதான் அவ இருக்காளே" என்பாள்.

அப்படி இருந்த டீச்சர் ஒரு நாள் வெளிநாட்டுக்குப் போகிறேன் என்றாள். அங்கே காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம், தொண்டு செய்ய டீச்சர் தேவையாம், ஒரு வருஷத்துக்கு. படியில் மடக்கிப் பிடித்தேன்.

"சம்பளம் இல்லாத வேலைக்கு யாராவது கடல் தாண்டிப் போவாங்களாடி?"

"சாப்பாடு, தங்க இடம் தராங்க அத்தை. நாப்பது பிள்ளைங்களுக்கு நாலே டீச்சராம்."

"உனக்கு அந்த பாஷை தெரியுமா?"

"இருபது வருஷமா இவன்கூட வேற என்னத்தப் பேசிட்டு இருக்கேன்?"

விண்ணப்பத்தில் 'சைகை மொழி தெரியுமா' என்று ஒரு கட்டம் இருந்தது. டிக் போட்டாள். "நல்லா அழுத்திப் போடு" என்று பக்கத்தில் நின்று சொன்னதும் நான்தான். காது கேட்காதவர்கள் எல்லோரும் பட்டனைப் போலத்தான் கை ஆட்டுவார்கள் என்று நாங்கள் எல்லோருமே நினைத்திருந்தோம். அவளும் நினைத்தாள். படித்தவள் நினைக்கலாமா என்று கேட்காதீர்கள். ஒரே ஒருவனோடு மட்டும் ஒரு பாஷையைப் பேசி வளர்ந்தவளுக்கு, அது உலகத்து பாஷை என்றுதானே தோன்றும்?

அவள் போய்ச் சேர்ந்த வாரமே குட்டு உடைந்தது. முதல் ஞாயிறு வீடியோ போனில் வந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"வகுப்புல போய் நின்னு, 'உங்க அம்மா பேர் என்ன'ன்னு காதை இழுத்துக் கேட்டேன் அத்தை. பிள்ளைங்க எல்லாம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்குறாங்க. ஆறு வயசுப் பொண்ணு ஒண்ணு வந்து என் கையைப் பிடிச்சுத் தடவிக் குடுத்துட்டுப் போய் உக்காந்துது. பாவம், இதுக்குப் பேச வராது போலன்னு நெனச்சிருக்கு."

"அங்க வேற சைகையா?"

"முழுக்க வேற. எல்லாரும் பேசிக்கிட்டே இருக்காங்க, நான்தான் ஊமை மாதிரி நிக்கிறேன்."

எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது. பட்டன் சிரிக்கவில்லை. என்ன விஷயம் என்று கேட்டான், அவள் கையால் சொன்னாள். அவன் எழுந்து அம்மாவின் காதைப் பிடித்துப் போன் முன்னால் இழுத்து வந்து காட்டினான். இதோ, இதுதானே அம்மா, அவர்களுக்கு இதுகூடவா தெரியவில்லை என்கிறான். பால்கடை அக்கா காதை விடுவித்துக்கொள்ள ரொம்பப் பாடுபட்டாள்.

அந்தப் பள்ளித் தலைமையாசிரியைக்கும் காது கேட்காது. அந்த அம்மாள் டீச்சரைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கற்றுக்கொள் என்றாளாம். ஆனால் இரண்டு மாதத்தில் பொடிசுகள் விளையாட்டாகக் காதை இழுத்து அம்மாவைக் கூப்பிட ஆரம்பித்தன. பெற்றவர்கள் புகாரோடு வந்துவிட்டார்கள். அன்றைக்குத் தலைமையாசிரியை கையாலேயே கட்டளை போட்டாளாம்: "இதுகளுக்கு இப்பதான் ஒரு மொழி கிடைச்சிருக்கு. அதுல உன் வீட்டுச் சைகையைக் கலக்காதே. இந்தக் கேட்டுக்குள்ள அது வேண்டாம்."

டீச்சர் தங்கியிருந்ததும் அந்தக் கேட்டுக்குள்ளேதான். ஞாயிறு நாலு மணிக்கு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் தம்பியோடு பேசுவாள். மற்ற நேரமெல்லாம் அவர்கள் சைகை. அவளிடம் இருப்பது இரண்டே கைதானே?

நாலாம் மாதம் அவள் கை மாறத் தொடங்கியது. வேகம் கூடியது. நடுநடுவே அவர்கள் சைகை ஒன்று வந்து விழும். பட்டன் போன் கண்ணாடியில் நகத்தால் தட்டுவான், தப்பு, இப்படி என்று காட்டுவான். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்திக்கொள்வாள். ஆறாம் மாதம் தட்டித் தட்டியே பாதி நேரம் போனது. எட்டாம் மாதம் அவன் தட்டுவதை நிறுத்திவிட்டான்.

பதிலாகத் தலையாட்ட ஆரம்பித்தான்.

அந்தத் தலையாட்டல் எனக்கு நன்றாகத் தெரியும். வங்கிக் கவுண்டரில் இருப்பவருக்கு, டாக்டருக்கு, எனக்கு, நம் எல்லோருக்கும் அவன் போடுவது. மோவாய் இரண்டு தடவை இறங்கும், வாய் ஒரு ஓரமாகச் சிரிக்கும். நீ சொல்வது ஒரு எழுத்தும் புரியவில்லை, தயவுசெய்து போய்விடு என்று அர்த்தம். டீச்சருக்கு அவன் அதைப் போட்டு அதுவரை நான் பார்த்ததே இல்லை. எதிரில் இருந்தவளுக்குத் தெரியவில்லை, பக்கவாட்டில் இருந்த எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவள், ஒரு வருஷமாக வாயே திறக்காத... இல்லை, கையே திறக்காத ஒரு பெண், தானாக எழுந்து வந்து 'மழை எங்கேயிருந்து வருது' என்று கேட்டதை முகமெல்லாம் பூரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊர் விஷயத்தையெல்லாம் பத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறவள், இதை மட்டும் மென்று விழுங்கிவிட்டேன்.

பதினோராம் மாதம் தையல்கடை மாஸ்டர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அக்கா, அவன் கை நல்ல கை. குறை சொல்ல மாட்டேன். ஆனா மூணு வாரமா வரல. என் கடையில சட்டையெல்லாம் வாயைத் தொறந்துகிட்டு நிக்குது."

"வீட்டுலதான் மாஸ்டர் இருக்கான். ரூமை விட்டு வர்றதில்ல. வெச்ச சாப்பாடு வெச்சபடி இருக்கு."

"என்னன்னு கேக்க வேண்டியதுதானே?"

"எதால கேக்க?" என்றாள் பால்கடை அக்கா. மாஸ்டர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஞாயிறு டீச்சர் போனில் வந்தபோது முகம் வெளிறியிருந்தது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்களாம். திங்கட்கிழமை காலையில் பதில் சொல்ல வேண்டும்.

"எனக்கு இருக்கணும்னுதான் ஆசை அத்தை. பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவன் இருன்னா இருக்கேன், வான்னா வந்துடறேன். அவன் சொல்றதுதான்."

பட்டனைக் கெஞ்சி அழைத்து வந்து உட்கார வைத்தோம். இளைத்திருந்தான். தலை வாரவில்லை. இன்னும் இரண்டு வருஷம் இருக்கட்டுமா என்று அவள் கேட்டாள். அவன் தலையாட்டினான். அவள் சந்தோஷப்பட்டு, அப்புறம் சந்தேகப்பட்டு, நான் வந்துவிடட்டுமா என்று மாற்றிக் கேட்டாள். அதற்கும் அதே தலையாட்டல், அதே ஓரச் சிரிப்பு.

அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

"அத்தை, எத்தனை நாளா இவன் எனக்கு இப்படித் தலையாட்டுறான்?"

நான் சார்ஜர் வயரைச் சரிசெய்தேன்.

அவள் மறுபடி ஆரம்பித்தாள். விரல் எங்கேயோ போனது. உதறிவிட்டு மறுபடி. நெற்றியில் அடித்துக்கொண்டாள். "வர மாட்டேங்குது. அங்கத்ததுதான் வருது. 'இரு'ன்னு நாங்க எப்படிச் சொல்லுவோம்? அம்மா, எப்படி?"

பெற்றவளுக்குத் தெரியவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அத்தை, நீங்க பாத்துக்கிட்டே இருப்பீங்களே. உங்களுக்குத் தெரியும். வெக்கப்படாம சொல்லுங்க."

தெரியும்தான். அவள் பயணம் கிளம்பிய அன்றைக்குக் கேட்டில் நின்று அவன் அதைத்தானே திரும்பத் திரும்பச் செய்தான். நான் பட்டனுக்கு எதிரே போய் நின்று பின்னலை இழுத்தேன். உள்ளங்கையில் முஷ்டியை வைத்து இரண்டு தடவை அழுத்தினேன். புருவத்தைத் தூக்கினேன்.

அவன் திடுக்கிட்டு எழுந்தான். என் கையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பேசினான். இரண்டு மூன்று நிமிஷம் இருக்கும். அத்தனை மாதமாக அடைத்து வைத்திருந்ததையெல்லாம் என்னைப் பார்த்துக் கொட்டினான். பின்னல் வந்தது, முஷ்டி வந்தது, மார்பில் அடித்துக்கொண்டான், இரண்டு கையையும் வெளியே வீசினான், மறுபடி பின்னல். மூச்சு வாங்கியது. எனக்குத் தெரிந்தது அந்த இரண்டு சைகைதான். மீதி ஒன்றும் விளங்கவில்லை.

"போனைத் திருப்புங்க! எனக்குத் தெரியல, போனை அவன் பக்கம் திருப்புங்கம்மா!"

பால்கடை அக்கா போனை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நான் பிடுங்கித் திருப்புவதற்குள் அவன் முடித்துவிட்டான். என் பதிலுக்காகக் காத்திருந்தான். நான் என்ன செய்வேன்? தலையாட்டினேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. படியிறங்கிப் போய் அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டான். அவன் கதவைத் தட்டிப் பிரயோஜனமில்லை. வெளியே இருக்கும் சுவிட்சைப் போட்டு அணைத்தால் விளக்கு மின்னும், வந்து திறப்பான், அதுதான் வழக்கம். பால்கடை அக்கா போட்டுப் போட்டுப் பார்த்தாள். கதவிடுக்கில் வெளிச்சமே வரவில்லை. பல்பைக் கழற்றிவிட்டிருந்தான்.

டீச்சர் லைனிலேயே இருந்தாள். "அவன் செஞ்சத எனக்குச் செஞ்சு காட்டுங்க அத்தை. சேத்து எதுவும் செய்யாதீங்க. பாத்தத மட்டும்."

செய்து காட்டினேன். மார்பு முதலிலா, வீசியது முதலிலா? தெரியவில்லை. வீசியபோது உள்ளங்கை எந்தப் பக்கம்? இப்படியா, அப்படியா என்று அவள் காட்டிக் காட்டிக் கேட்டாள். பதினைந்து தடவையாவது செய்திருப்பேன், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வந்தது. ஒரு பார்வையில் ஒரு வீட்டுச் சண்டையை முழுசாக ஒப்பிக்கிறவள் நான். கடைசியில் தோள் வலித்துக் கையைத் தொங்கப் போட்டேன்.

"விடுங்க அத்தை" என்றாள். "என்கிட்ட சொல்ல வேண்டியத உங்ககிட்ட சொல்லியிருக்கான். அதுக்கு மேல எனக்கு என்ன தெரியணும்? நான் வரேன்."

"அந்தப் பிள்ளைங்க?"

 மாற்று டீச்சர் வந்து சேரும்வரை இருக்க வேண்டும், இன்னும் பத்தொன்பது நாள் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை பட்டன் தண்ணீர் குடிக்க வெளியே வந்தான். பால்கடை அக்கா ஓடிப்போய் வழியை மறித்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அவனோடு பேச உட்கார்ந்தாள். பின்னலை இழுத்தாள். கையை விமானம் மாதிரி பறக்கவிட்டாள். வாசலைக் காட்டினாள், தரையைக் காட்டினாள். அவள் வருகிறாள் என்று அவனுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. நான் பத்து விரலையும் விரித்து, அப்புறம் ஒன்பதை விரித்தேன். தூக்கம், விழிப்பு, தூக்கம் என்று நடித்தேன். அவன் அதையெல்லாம் பார்க்கவே இல்லை. குளித்து, தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு கேட்டுக்குப் போய் நின்றுவிட்டான்.

சாயங்காலம் வரை நின்றான். மறுநாளும் போனான். டீச்சரை வீடியோவில் கூப்பிட்டு, அவளையே சொல்லச் சொல்லலாம் என்று போனை நீட்டினேன். தள்ளிவிட்டான். தெருவைக் காட்டினான். அவள்தான் வருகிறாளே, இது எதற்கு என்கிறான்.

இன்றைக்கு நாலாம் நாள், டீச்சர் வர இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. பால்கடை அக்கா கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்து அவன் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டுப் போனாள். அவன் உட்காரவில்லை. சற்று முன் ஒரு கார் வந்து நின்றது. ஓடிப்போய்க் குனிந்து உள்ளே பார்த்தான். எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் பையோடு இறங்கினார். பட்டன் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி, கார் திரும்பிப் போகும்வரை பார்த்திருந்து, மறுபடி அதே இடத்துக்கு வந்தான்.