மாமாவுக்கு வந்த கடிதங்கள்

என் கணவர் காலிதீன் (பெயரை எழுதக்கூட எனக்குக் கை கூசுகிறது) எழுபத்தொன்பதில் ஜெர்மனியிலிருந்து எழுதிய கடிதங்கள் எல்லாம் என் வாப்பாவின் பெயருக்குத்தான் வரும். பெண் வீட்டில் வாழ வந்த மாப்பிள்ளை, மாமனாரைத் தாண்டி மனைவிக்கு எழுதுவது எங்கள் சாய்ந்தமருதில் மரியாதை இல்லை. வாப்பாவோ அந்த உறைகளைத் தொடவும் மாட்டார். கந்தோரில் உத்தியோகம் பார்க்கிற மாப்பிள்ளை என்று நம்பிப் பெண் கொடுத்தவருக்கு, மாப்பிள்ளை கிற்றாரைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறியது தாங்கமுடியாத அவமானம். எனக்கு நல்லதாய்ப் போயிற்று. நானே பிரிப்பேன்.

“அன்புள்ள மாமா, இங்கே பனி கொட்டுகிறது. நமது கவிகளை நவீன வாத்தியங்களில் வாசிக்கிறோம். வெள்ளைக்காரர்கள் எழும்பி நின்று கை தட்டுகிறார்கள். றாஹிலாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டதா? எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கிறாள்?”

பிள்ளை வயிற்றிலிருந்த என்னைப் பற்றி இதையெல்லாம் ஒரு மனிதன் மாமனாரிடம் கேட்பானா! வாப்பா பிரிக்கமாட்டார் என்று தெரிந்துதான் எழுதினார், கள்ளன்.

எனக்கு நிறைமாதமானபோது கடிதத்தோடு ஒரு கசெற்றும் வந்தது. பிறந்த பிள்ளையின் வலது காதில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கும் இடது காதில் தொழுகை தொடங்குவதை அறிவிக்கும் இகாமத்தும் சொல்வது தகப்பனின் உரிமை. ஒப்பந்தம் முடியாமல் வர வழியில்லை, ஒரு பக்கம் பாங்கும் மறுபக்கம் இகாமத்தும் என் குரலில் பதிந்திருக்கிறேன், மாமா சம்மதித்தால் போடுங்கள் என்று எழுதியிருந்தார். அழுதுவிட்டேன். என் பிள்ளை முதன்முதல் கேட்கும் குரல்களில் அவருடையதும் இருக்கவேண்டும். வேறெதுவும் எனக்கு வேண்டாம். அந்தக் கடிதத்தை மட்டும் வாப்பாவுக்குச் சத்தமாக வாசித்தேன்.

“பொட்டிக்குள்ள இருந்து வாற பாங்கும் ஒரு பாங்கா புள்ள? பேரப்புள்ளைக்கு நான் சொல்லுவன்” என்றார். அதற்குமேல் அவரோடு கதைக்க முடியாது.

மகன் ஒரு காலையில் பிறந்தான். உம்மா பிள்ளையைத் துடைத்து, துணியில் சுற்றி வாப்பாவின் கையில் கொடுத்தார். வாப்பா வலது காதில் பாங்கு சொன்னார். பிறகு இடது காதைத் திருப்பியவர், இகாமத்தைத் தொடங்காமல் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தகப்பனை அப்படியே உரித்து வைத்திருந்தான்.

“அந்தப் பொட்டிய இஞ்ச கொண்டு வாங்க” என்றார் உம்மாவிடம். “இந்தக் காது அவன்ட வாப்பாட பங்கு.”

உம்மா கசெற்றை மறுபக்கம் திருப்பிப் போட்டார். முதலில் மரத்தில் விரல் தட்டும் சத்தம். பிறகு, “வன், டூ, த்ரீ...”

மேடைப் பழக்கம்! எனக்கு உயிரே போய்விட்டது. வாப்பாவின் தாடி ஆடியது. கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்குமுன் இகாமத் தொடங்கிவிட்டது. வாத்தியம் எதுவும் இல்லை, குரல் மட்டும், அதுவும் நடுங்கிக்கொண்டு. பிள்ளை அழுகையை நிறுத்தினான்.

இகாமத் முடிந்த பின்னும் கசெற் ஓடியது. மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

“மாமா... பிழை ஏதும் இரிந்தா நீங்க இன்னொருக்காச் சொல்லிப்போடுங்க.”

வாப்பா பிள்ளையோடு பெட்டியின் பக்கம் குனிந்தார்.

“பிழை ஒண்டுமில்ல மகன்” என்றார், எதிரில் இருப்பவரிடம் சொல்வதுபோல. “சுறுக்கா வந்து புள்ளையத் தூக்குங்க.”