நிரம்பியே திரும்பிய பாட்டில்

என் மகளைக் கல்லூரியிலிருந்து ஒரு மாதப் பயிற்சிக்கு அனுப்பிய ஆய்வகத்தில், அவளுடைய சக்கர நாற்காலிக்காக வாசலில் சாய்தளம் கட்டியிருந்தார்கள். அதில் நின்று போட்டோ வேறு எடுத்துக்கொண்டார்கள், பெருமை தாங்கவில்லை.

தினமும் சாயங்காலம் தண்ணீர் பாட்டில் கொடுத்தனுப்பியபடியே திரும்பி வந்தது. "வேலைல மறந்துட்டேம்மா" என்பாள். நானும் நம்பித் தொலைத்தேன்.

நாலாவது வாரம் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சிறுநீரகத்தில் கிருமி என்றார் டாக்டர். அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அங்க பாத்ரூம் மாடிலம்மா. குறை சொன்னா, அடுத்த வருஷம் என்னை மாதிரி யாரையும் எடுக்க மாட்டாங்க."

இன்று சான்றிதழ் வந்தது. மேலாளர் கைப்பட எழுதியிருக்கிறார்: 'நாள் முழுவதும் இருந்த இடத்தைவிட்டு நகராத உழைப்பாளி.'

மகள் அதைச் சுவரில் மாட்டச் சொல்கிறாள்.